நஞ்சை மருந்தாக்கிய டாக்டர் சுப்பாராவ்

ஆண்டு விழா மலர் அச்சேறும் காலம் நெருங்கியதும் சங்கச் செயலாளர் நம் மேசையருகே வந்து நிற்பது பல ஆண்டு வழக்கம். நாமும் இதுகாறும் கம்பரைப் பற்றியும் வள்ளலாரைப் பற்றியும், கற்றோர் முன்பே எழுதியவற்றைத் தொகுத்தளித்துக் கடன் கழித்து வந்தோம். இவ்வாண்டு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதத் துணிந்தோம். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படியாத இரயில்வே குமாஸ்தாவுக்கு இரசாயனம் எதற்கு என்று நகைப்போர் நகைக்கட்டும். எழுதுவதற்கு நமக்கொரு காரணம் உண்டு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் காலனியில், அலுவலகத் தோழர் ஒருவரின் ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. பெருநகர் மருத்துவமனை ஒன்றில் மருந்தேற்றத் தொடங்கிய சில வாரங்களில் குழந்தையின் தலைமுடி முழுதும் உதிர்ந்தது. வாயெல்லாம் புண்; கஞ்சியும் இறங்கவில்லை. பார்த்து வந்தவர்கள் ஆளுக்கொன்று கூறினர். நோய் கொல்லுமுன் இம்மருந்தே கொன்றுவிடும், பேசாமல் ஊருக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று சொன்னவர்களுள் நாமும் ஒருவர் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். குழந்தையின் தாயார் எவர் சொல்லுக்கும் செவி சாய்க்கவில்லை.

பிறகொரு நாள் அவர்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குச் சென்றோம். ஊசிக் குழலில் மஞ்சளைக் கரைத்தாற்போன்ற ஒரு மருந்தைக் கண்டோம். அதனைக் குழந்தையின் முதுகுத்தண்டின் வழியே செலுத்தினர். அதன் பெயர் மெத்தோட்ரெக்ஸேட் என்றும், அதற்கு வித்திட்டவர் சென்னையில் மருத்துவம் பயின்ற ஓர் இந்தியர் என்றும் அங்கிருந்த இளம் மருத்துவர் கூறினார். அன்று தொடங்கி, எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் அப்பெரியாரைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கலானோம்.

சுப்பாராவ் தமிழரல்லர். அன்றைய சென்னை மாகாணத்தில், கோதாவரிப் பாசனப் பகுதியைச் சார்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ஆம் நாள் பிறந்த ஆந்திரர். நம் காலனியில் அண்டை வீட்டாராக வாழும் ஆந்திர அன்பர்கள் அவரைத் தம்மவர் என்று பெருமை கொள்வது முறையே. ஆயினும் அவரை ஆளாக்கிய ஊர் சென்னை என்ற அளவில் நமக்கும் சிறிது பங்குண்டு.

அவருடைய தந்தையார் அரசு வருவாய்த் துறையில் பணி செய்து, உடல்நலக் குறைவால் காலத்துக்கு முன்பே விலகியவர். ஏழு மக்கள் கொண்ட குடும்பம். வறுமைக்குக் கேட்க வேண்டுமா? பதின்மூன்று வயதில் சிறுவன் சுப்பாராவ், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடினான். வழியிலேயே பிடித்துக் கொணரப்பட்டான். பள்ளிப் படிப்பிலும் அவன் புலியல்லன். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே, அதுவும் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பின்னரே தேறினான். நம் வீடுகளில் மதிப்பெண் பட்டியல் வரும் நாளில் பிள்ளைகளை வறுத்தெடுக்கும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்வாராக. நாமே ஒருமுறை தவறியவர்தாம்.

மாநிலக் கல்லூரியில் பயிலும்போது இளைஞருக்குத் துறவு நாட்டம் மிகுந்தது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை. மடத்தாரும் மருத்துவம் பயின்று தொண்டு செய்யுமாறு அறிவுறுத்தவே, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கும் கதராடை உடுத்திச் சென்றார். இதனால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, நன்கு தேறியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். என்னும் சற்றே தாழ்ந்த சான்றிதழே கிடைக்கப் பெற்றார். அரசாங்க மருத்துவப் பணியின் கதவு அடைபட்டது.

இதற்கிடையே வீட்டில் பேரிடி விழுந்தது. அவருடைய உடன்பிறந்தார் இருவர் சங்கிரகணி என்னும் நோயால் அடுத்தடுத்து மாண்டனர். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல், வயிற்றுப்போக்கும் சோகையுமாய் ஆளை உருக்கும் நோய் அது. சுப்பாராவையும் அது பற்றியது. ஆயுர்வேத அறிஞர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். அவரிடமே சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராகவும் அமர்ந்தார். நோயின் மூலத்தை அறிய வேண்டும் என்ற வேட்கை அவரை விடவில்லை. மாமனாரின் உதவியோடும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியோடும் 1923-இல் கப்பலேறி அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார்.

மணமாகி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. மனைவியார் சேஷகிரி அம்மையாரை ஊரில் விட்டுச் சென்ற அவர் பின்னர் ஒருபோதும் தாயகம் திரும்பவில்லை. அவர் சென்ற பின் பிறந்த ஆண் மகவு குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. தந்தை முகத்தை மகனும், மகன் முகத்தைத் தந்தையும் கண்டதில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம் போன்றோர்க்கு ஆண்டுக்கொரு முறையேனும் பாஸ் எடுத்து ஊர் சென்று வரும் பேறு உண்டு. அவருக்கு அதுவும் இல்லை. இது அவர் செய்த தியாகமா, அம்மையார்மீது சுமத்திய தண்டனையா என்று நம் இல்லத்தரசியார் கேட்டார். விடை கூற நமக்குத் தெரியவில்லை.

பாஸ்டனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பயின்றபோது, வயிற்றுப்பாட்டுக்காக ஒரு மருத்துவமனையில் இரவுக் காவலர்க்கொத்த பணியாளாய், நோயாளிகளின் மலசலக் கலங்களைத் துலக்கும் வேலையும் செய்தார். பின்னர் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க இவ்விருவரும் 1925-இல் வெளியிட்ட முறை, இருவர் பெயராலேயே உலகெங்கும் வழங்கலாயிற்று. தசைகளில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டினை 1927-இல் அறிவித்தனர். உயிரணுக்கள் தம் வேலைகளுக்கெல்லாம் செலவழிக்கும் நாணயம் போன்ற ஏ.டி.பி. என்னும் பொருளையும் தசையிலிருந்து பிரித்தனர். அதே 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே அதனைக் கண்டார். சுப்பாராவுக்கு 1930-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. நிலையான பேராசிரியப் பதவி மட்டும் கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்திற்குச் சென்று, விரைவிலேயே அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

பம்பாய் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கொடிய சோகையால் மடிவதை 1928 முதல் ஆராய்ந்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு சத்து அச்சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டார். அச்சத்து கீரையிலும் உண்டு. 1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் நான்கு டன் பசலைக் கீரையை வடித்து அதிலிருந்து எடுத்த பொருளுக்கு, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இதனைச் செயற்கையாக, வேண்டுமளவு செய்துகாட்டியது 1945-இல் சுப்பாராவின் குழுவாகும். அது கிடைத்ததும் மருத்துவர்கள் சங்கிரகணி நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தனர். நோயாளிகள் தேறினர். தம் உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு மருந்து கையில் கிடைத்தபோது அவர்கள் மாண்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

ஃபோலிக் அமிலத்தின் வேலை யாது? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன், தன்னுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் மரபுச் சுவடியைப் பிரதி எடுத்தாக வேண்டும். அச்சுவடி நான்கே எழுத்துகளால் ஆனது. அவற்றுள் தைமின் என்ற எழுத்தை வார்க்கும்போது, அதற்கு வேண்டிய ஒரு கரித்துகளைச் சுமந்து வந்து இறக்குவது ஃபோலிக் அமிலத்திலிருந்து உண்டாகும் பொருள். நம் தந்தையார் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர். அக்காலத்து நீராவி எஞ்சின் சுமையைச் சேர்த்தபின், டர்ன்டேபிள் என்னும் சுழல் மேடையில் ஏறித் திசை திரும்பினால்தான் அடுத்த வண்டியை இழுக்க ஒழுங்காய்ப் புறப்படும். ஃபோலிக் அமில எஞ்சினும் அவ்வாறே. ஒரு முறை சுமை இறக்கியதும் அதன் முகம் மாறிவிடும். மீண்டும் அதனைத் திருப்பிவிட உயிரணுவில் ஒரு நொதி உண்டு. அந்நொதியே நாம் சொன்ன சுழல் மேடை.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இருந்தார். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களில், அன்றிச் சில மாதங்களில் இறப்பதை நாள்தோறும் கண்டவர். சோகைக்கு நலம் செய்யும் சத்து இந்நோய்க்கும் உதவுமோ என்றெண்ணி, லெடர்லி கூடத்திலிருந்து பெற்ற ஃபோலிக் அமிலக் கூட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார். நேர் எதிராக, நோய் முன்னிலும் விரைந்து பெருகுவது போல் தோன்றிற்று. இங்கேதான் ஒரு நல்ல மூளைக்கும் சாதாரண மூளைக்கும் வேறுபாடு. சத்து நோயை வளர்க்குமாயின், அச்சத்தைக் கெடுப்பது நோயைத் தேய்க்க வேண்டுமன்றோ? சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலிகள் பலவற்றைச் செய்து வைத்திருந்தனர். அவற்றுள் ஒன்று அமினாப்டெரின். அதன் ஒரு மூலையில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் சேர்ந்த ஒரு சிறு தொகுதி இருந்தது. மற்றெல்லாம் அப்படியே. ஆயிரம் எஞ்சினுள் ஒன்றின் எண் பலகை மட்டும் மாறியிருந்தால் கேட்டில் நிற்பவர் எவ்வாறு கண்டுபிடிப்பார்?

1947 டிசம்பர் இறுதியில் ஃபார்பர் அம்மருந்தைச் சாகும் நிலையிலிருந்த ஒரு சிறுவனுக்குச் செலுத்தினார். சில நாள்களில் இரத்தத்தில் பெருகியிருந்த கேடான வெள்ளணுக்கள் குறைந்தன. வீங்கியிருந்த வயிறு வற்றிற்று. பிள்ளை எழுந்து நடந்தான். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில், பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்தமை கூறப்பட்டது. ஆனால் தணிவு நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. குழந்தைகள் இறந்தனர். அவ்வறிக்கை அதனையும் மறைக்கவில்லை. ஆயினும் இரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்கச் செய்யலாம் என்பது உலகுக்கு முதன்முறையாகத் தெளிவாயிற்று.

மருந்து உயிரணுவுள் செய்வது என்ன என்பது 1950-களின் இறுதியில்தான் விளங்கிற்று. போலி எஞ்சின் சுழல் மேடையில் ஏறுகிறது, இறங்குவதில்லை. உண்மையான எஞ்சினைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் இறுக்கமாக அது மேடையைப் பற்றிக்கொள்கிறது. வெளியே உண்மை எஞ்சின்கள் முகம் மாறியபடி வரிசையில் நிற்கின்றன. தைமின் எழுத்து வார்ப்பு நின்றுபோகிறது. பிரதி எடுக்கத் தொடங்கிவிட்ட உயிரணுவோ, தைமின் இல்லாத குறையால் யுராசில் என்னும் வேறோர் எழுத்தை அவ்விடத்தில் கோத்துவிடுகிறது. பிழை திருத்தும் நொதிகள் ஓடி வந்து அதனை வெட்டி எடுக்கின்றன. ஆனால் நிரப்புவதற்குச் சரியான எழுத்து இல்லை. மீண்டும் யுராசில், மீண்டும் வெட்டு. இவ்வாறு வெட்டி வெட்டி மரபுச் சுவடியே துண்டு துண்டாகிறது. இனி மீட்சியில்லை என்றறிந்த உயிரணு, தனக்குள்ளேயே அமைந்திருக்கும் தற்கொலைப் பொறியை இயக்கித் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. மருந்து புற்றணுவை வாள்கொண்டு வெட்டுவதில்லை. அது பெருகப் புகும் வேளை பார்த்து அதன் கைச்சரக்கைத் தடுத்துவிடுகிறது. சாவு அதன் வேலையாலேயே வருகிறது.

இப்போது நம் தோழரின் குழந்தைக்கு முடி உதிர்ந்ததும் வாய் புண்ணானதும் ஏன் என்பது வாசகர்க்குத் தெளிவாகும். மருந்துக்கு இது நல்லணு, இது கேடான அணு என்ற பாகுபாடு தெரியாது. விரைந்து பிரிவது எதுவோ அதுவே அடிபடும். புற்றணுவைப் போலவே விரைந்து பிரிபவை முடியின் வேர், வாயின் உட்தோல், குடலின் உட்பூச்சு, எலும்பு மஜ்ஜை ஆகியவை. ஓய்வில் இருக்கும் அணுக்களை இம்மருந்து பெரிதும் தீண்டாது. ஆகவேதான் இடைவெளி விட்டுப் பலமுறை தருகின்றனர். அவ்விடைவெளியில் நல்லணுக்கள் தேறிக்கொள்ளும், உறங்கியிருந்த புற்றணுக்கள் விழித்துப் பிரியத் தொடங்கும். மிகுந்த அளவில் தரும்போது, குறித்த நேரங்கழித்து ஃபோலினிக் அமிலம் என்னும், முகம் திருப்பத் தேவையில்லாத எஞ்சினை உள்ளே விட்டு நல்லணுக்களைக் காக்கும் முறையும் உண்டு. குருதியிலிருந்து மூளைக்குள் இம்மருந்து எளிதில் புகாது என்பதால், அங்கே ஒளிந்திருக்கும் புற்றணுக்களுக்காக முதுகுத்தண்டின் வழியே செலுத்துகின்றனர். நாம் கண்டு அஞ்சிய மஞ்சள் ஊசியின் பொருள் அதுவே.

நோய் ஏன் திரும்பியது என்பதற்கும் விடை உண்டு. சில புற்றணுக்கள் தந்திரசாலிகள். ஒரு சுழல் மேடை அடைபட்டால் பத்து மேடைகளைக் கட்டிக்கொள்கின்றன. அல்லது போலி எஞ்சின் நுழையும் வாயிலையே சாத்திவிடுகின்றன. எனவே ஒரே மருந்தை நம்பாமல் வெவ்வேறு வழியில் தாக்கும் பலவற்றைச் சேர்த்துத் தரலாயினர். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் அவற்றுள் ஒன்று. பிரதி எடுத்த சுவடிகளை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் இழைகளை அது உருவாகவிடாமல் செய்கிறது. மற்றொன்றான மெர்காப்டோபியூரின் வேறோர் எழுத்துக்குப் போலி. இவ்வாறு சேர்த்துத் தந்ததன் பயனாய், நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் இன்று இந்நோய் கண்ட குழந்தைகளுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

அமினாப்டெரினினும் கையாள எளிதான மெத்தோட்ரெக்ஸேட் அதே கூடத்தில் பிறந்து, அதன் இடத்தைப் பிடித்தது. நச்சுக்கொடித் திசுவில் தோன்றும் ஒருவகைப் புற்றை 1956-இல் அதனைக் கொண்டு முழுதும் குணப்படுத்திக் காட்டினர். சிற்றளவில் மூட்டு வாதத்துக்கும் இன்று தருகின்றனர். நம் காலனிப் பெரியோர் சிலரும் அதனை உட்கொள்வதாய் அறிகிறோம். வாதத்துக்கு அது வாரம் ஒரு முறை மட்டுமே உண்ணற்பாலது. மறந்து நாள்தோறும் விழுங்கியோர் உயிரிழந்ததுண்டு. மாத்திரை உறையில் கிழமையை எழுதி வைத்தல் நன்று.

சுப்பாராவ் இவற்றையெல்லாம் காண இருக்கவில்லை. யானைக்கால் நோய்க்கு உதவும் ஹெட்ரஸான் மருந்தும், ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லியும் அவர் தலைமையின்கீழேயே வெளிவந்தன. ஆயினும் வெளியிடும் அறிக்கைகளில் பிறர் பெயரை முன் நிறுத்தித் தாம் பின்னின்றதால் உலகம் அவரை அறியவில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெறாமலேயே வாழ்ந்தார். ஃபார்பரின் அறிக்கை வெளியாகி இரண்டு மாதம் சென்று, 1948 ஆகஸ்டில், உறக்கத்திலேயே மாரடைப்பால் உயிர் நீத்தார். வயது ஐம்பத்து மூன்று. 1953-இல் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரைச் சூட்டினர். நம் அரசாங்கம் நூற்றாண்டை ஒட்டி 1995-இல் அஞ்சல் தலை வெளியிட்டது.

தோழரின் மகளுக்குச் சிகிச்சை இரண்டரை ஆண்டு நடந்தது. பிற்பகுதியில் ஊசி குறைந்து மாத்திரையாயிற்று. வாரந்தோறும் மெத்தோட்ரெக்ஸேட் தரும் நாளில் தாயார் இரயில்வே காலண்டரில் மஞ்சள் பொட்டு வைப்பார். அவ்வாறு பொட்டு வைத்த காலண்டர் அவர்கள் சமையலறையில் இன்றும் மாட்டியிருக்கிறது. சிறுமிக்கு முடி அடர்ந்து வளர்ந்து இரட்டைச் சடை போடுகிறாள். ஆண்டுக்கு இருமுறை இரத்தம் சோதித்து வருகின்றனர். இவ்வாண்டு விழாவில் கோலாட்டக் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்பவள் அவளே. சென்ற மாதம் அவள் வீட்டுக்குச் சென்று, அன்று நாம் கூறிய சொல்லுக்காகத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் காப்பி கொடுத்தார்.

விடுமுறைக்குச் சென்னை மெயிலில் ஊர் செல்லும் அன்பர்கள், ராஜமுந்திரி கழிந்து கோதாவரிப் பாலத்தைக் கடந்தபின் சற்று விழித்திருப்பார்களாக. நிடதவோலு சந்திப்பில் இடப்புறம் ஒரு கிளைப் பாதை பிரிந்து செல்லும். அது பீமவரத்துக்குப் போவது.